மேலே கை வைக்கவில்லை

“அவன் மேல நான் கை வைக்கலம்மா.”

வந்ததும் வராததுமாக இன்ஸ்பெக்டர் தணிகைவேல் சொன்னது அதைத்தான்.

ஏரிக்கரை ஆசிரமத்தை நடத்தும் தாட்சாயணி, தணிகைவேலைவிட வயதில் சிறியவர். ஒரு காலத்தில் கல்லூரியில் மீன்களைப் பற்றிப் பாடம் நடத்தியவர். ஞாயிறு தவறாமல் அவர் முன்னால் வந்து உட்காரும் தணிகைவேல், அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

ஏரி வற்றிக்கொண்டிருந்தது. சேற்றில் சிக்கிய ஒரு கெண்டையை அம்மா தகர வாளியில் எடுத்து வந்திருந்தார்.

“கிணத்துத் தண்ணி இறைச்சு ஊத்துங்க. கொஞ்சம் பழகட்டும், அப்புறம் கிணத்துக்குள்ள விடலாம்.”

தணிகைவேல் இறைத்து ஊற்றினார். மீன் ஒருமுறை துள்ளி அடங்கியது. வாளியை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஸ்டேஷன்ல ஒருத்தர் செத்துட்டார்னு பேப்பர்ல பார்த்தேன். யாரு அவரு?” என்று கேட்டார் அம்மா.

“காயாம்புன்னு ஒரு வேன் டிரைவர். நகைத் திருட்டு சந்தேகம். ராத்திரி பூரா விசாரிச்சேன். விடியும்போது விழுந்துட்டான். இதயம் நின்னுபோச்சுன்னு டாக்டரே எழுதியிருக்கார். உடம்புல ஒரு கீறல் கிடையாது. நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால சத்தியம் பண்ணிச் சொல்லணும், கை வைக்கலன்னு. அது பொய் இல்லையே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“என்னதான் செஞ்சீங்க?”

“டீ வாங்கிக் கொடுத்தேன். ஃபேனுக்குக் கீழ உட்கார வெச்சேன். லத்தியால மேஜையத் தட்டிக்கிட்டே இருந்தேன். இப்படி.”

விரல் மோதிரத்தால் வாளி விளிம்பைத் தட்டிக் காட்டினார்.

டக். டக். டக்.

“வேற?”

“உன் பொண்ணு எந்த ஸ்கூலுடான்னு கேட்டேன்.” டக். “பதில் இல்ல. மறுபடி கேட்டேன்.” டக்.

“அப்புறம்?”

“மூச்சு முட்டுதுன்னான். தலைக்கு மேல ஃபேன் சுத்துது, ஜன்னல் திறந்து கிடக்கு. நடிக்கிறான்னு விட்டுட்டேன். இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்!”

அம்மா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயந்தா உடம்புல ஒண்ணு சுரக்கும். அது இதயத்தைப் போட்டு விரட்டும். விரட்ட விரட்ட மூச்சுக்காத்து அதிகமா வேணும். ஒரு கட்டத்துக்கு மேல, சுத்தி எவ்வளவு காத்து இருந்தாலும் பத்தாது.”

“மனுஷனுக்கா?”

“மீனுக்குச் சொல்றேன். நான் நடத்தின பாடம் அதுதானே.”

தணிகைவேல் சிரித்தார். மோதிரம் நிற்கவில்லை.

கெண்டை மேலே வந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது.

“பசி போல. பொரி கிரி போடட்டுமா?”

டக். டக்.

அம்மா குனிந்து வாளிக்குள் பார்த்தார்.

“சொல்லுங்கம்மா. நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?”

அம்மா வாளியை அவர் பக்கமாகச் சாய்த்தார். கெண்டை வயிறு மேலாக மிதந்தது.

தணிகைவேலின் விரல் விளிம்பிலேயே நின்றுபோனது.

“தண்ணி… நான்தானே இறைச்சு ஊத்தினேன். நல்ல தண்ணிதானேம்மா?”

“நல்ல தண்ணிதான்,” என்றார் அம்மா. “மேல கை வெச்சீங்களா?”