வாய் திறக்காமல் சொன்ன பதில்

காது கேளாதவர்களுக்காகச் சைகையில் மொழிபெயர்ப்பவள் ரெபேக்காள். மாற்றுத்திறனாளிகள் துறையைச் சுகாதாரத் துறையோடு சேர்த்துவிடலாமா என்று ஆராய, சட்டமன்றக் குழு ஒன்று அவளுடைய அலுவலகத்துக்கு வந்து இறங்கியது.

குழுத் தலைவர் திருவேங்கடம் பணியிடப் பட்டியலில் அவள் பதவியைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தார். "இது எதுக்கு? அடிச்சிடலாம். வேணும்னா, ஒரு வார்த்தை பேசாம எனக்குப் புரிய வைம்மா, பார்க்கலாம்!"

ரெபேக்காள் அவரைக் கும்பிட்டுவிட்டு, மனு கொடுக்க வந்திருந்த காது கேளாதவர்கள் பக்கம் திரும்பிக் கைகளை அசைத்தாள். நாற்பது பேரும் தலைவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன சொன்னே? ஏன் சிரிக்கிறாங்க?"

அவள் வாயைத் திறக்கவில்லை. தலைவருக்கு வியர்த்துவிட்டது. "அட, பேசித்தான் சொல்லேம்மா!"

"என்ன நடக்குதுன்னு புரியாம ஒரு நிமிஷம் தவிச்சீங்களே ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போனா இவங்களுக்கு எப்பவும் அதே தவிப்புதான். எடுத்துச் சொல்லத்தான் நான் இருக்கேன்."

"சரி, அப்படி என்னதான் சொன்னே?"

"உங்க மீசையில வடை ஒட்டியிருக்குன்னு சொன்னேங்க."

தலைவர் அவசரமாக மீசையைத் துடைத்தார். பிறகு அவரும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பதவியோடு இன்னும் மூன்று வேண்டும் என்று பரிந்துரையில் எழுதினார்.

"நன்றியை எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டு, அவள் காட்டியபடியே விரல்களை மோவாயில் வைத்துக் கூடத்தை நோக்கி நீட்டினார். நாற்பது பேரும் அதே நன்றியைத் திருப்பிச் சொன்னார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற ரெபேக்காளுக்கு, மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.