நறுவியின் காலில் ஒட்டாத வாசனை

மருதமரத்து வேரடியில் கட்டெறும்புகள் புற்று வைத்திருந்தன. அங்கே காவல் எறும்புகளுக்குத் தாடை பெரிது, கண் மங்கல். யாரைக் கடிப்பது என்று அவற்றுக்குத் தானாகத் தெரியாது. வேவு எறும்பு ஒன்று அந்நியனைத் தொட்டு, அவன் வாசனையை முன்னங்காலில் ஏந்தி வந்து முகரக் கொடுக்க வேண்டும். பிறகுதான் கடி. சொந்தக்காரர்களையே கடித்துவிடக் கூடாதே என்று வைத்த ஏற்பாடு அது.

ஒரு நாள் உருட்டன் என்ற வண்டு உள்ளே நுழைந்து, முட்டை அறையில் வசதியாக உட்கார்ந்து சாப்பிட்டது.

நறுவி என்ற வேவு எறும்பு அதைப் பார்த்துவிட்டது. வண்டின் முதுகைத் தடவிவிட்டு, காவல் தலைவன் கறுவனிடம் ஓடியது.

"முட்டை அறையில திருடன் அண்ணே!"

"காலைக் காட்டு."

நறுவி காலை நீட்டியது. கறுவன் முகர்ந்தது. மறுபடியும் முகர்ந்தது.

"ஒரு வாசனையும் இல்லையேம்மா. யாரைக் கடிக்கச் சொல்ற?"

அந்த நேரம் வாயைத் துடைத்துக்கொண்டே உருட்டன் வந்தது. "கொஞ்சம் ஒதுங்கிக்குங்க அண்ணே. வயிறு நிறைஞ்சு போச்சு, நடக்க முடியல."

கறுவன் ஒதுங்கியது. "பாத்துப் போங்க" என்று வேறு சொன்னது.

உருட்டனுக்கு ஒரே குஷி. மறுநாள் ஒரு கரப்பானையும் பூரானையும் விருந்துக்குக் கூட்டி வந்தது. வேவு எறும்புகள் ஒவ்வொன்றாக ஓடி வந்து காலை நீட்டின. எதிலும் வாசனை இல்லை. சாப்பிட்ட களைப்பில் பூரான் கறுவன் மேலேயே சாய்ந்து தூங்கியது.

முட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. "காவலுக்கு இன்னும் ஆள் போடுங்க" என்றது ராணி. போட்டார்கள். வாசலில் நெரிசல் கூடியதுதான் மிச்சம். முதலில் சேதி சொன்ன நறுவியைத்தான் வேலை தெரியாதவள் என்று எல்லாரும் ஏசினார்கள். அது தன் கால்களைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டது.

நொண்டிக்கொண்டு இரை தேடப் போன இடத்தில் பக்கத்துப் புற்றின் வேவு எறும்பான செம்பியைச் சந்தித்து, நறுவி நடந்ததைச் சொன்னது. செம்பியின் முன்னங்காலில் பட்டுப் போல ரோமம் அடர்ந்திருந்தது. நறுவியின் கால் புண்ணைத் தவிர மற்ற இடமெல்லாம் வழவழவென்று கிடந்தது.

"வாசனை இந்த ரோமத்துலதான் ஒட்டும்," என்றது செம்பி. "உனக்குப் பொறந்ததுல இருந்தே இல்ல. தேய்ச்சா வராது."

நறுவி நேரே ராணியிடம் போய்ச் சொன்னது. ராணி தன் காலைப் பார்த்துக்கொண்டது. அதில் ரோமம் இருந்தது.

"உங்க அப்பாவுக்கும் இருந்துச்சு," என்றது ராணி. "எங்க ரெண்டு பேர் வழியிலயும் இந்தக் குறை ஒளிஞ்சு வந்து, வேவு எறும்புங்க உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சேர்ந்திருக்கு. உன்னை ஏசினது தப்பும்மா."

"அப்ப பக்கத்துப் புத்துல வேவுக் குஞ்சுகளைக் கேட்போம்."

"அதுங்க கால் ரோமத்துல அந்தப் புத்து வாசனை ஒட்டியிருக்கும். அதை மோந்துட்டு, வேத்து ஆளுங்கன்னு கறுவன் கூட்டம் கடிச்சு வைக்குமே?"

"அந்தப் புத்து ராணி உங்க கூடப் பொறந்தவங்க. வாசனை ஒத்துப்போகும்னு நினைக்கிறேன்."

நிச்சயமாக யாருக்கும் தெரியாது. குஞ்சுகள் வந்தன. காவல் எறும்புகள் ஒன்றிரண்டைக் கடித்துத் தள்ளத்தான் செய்தன. நறுவி குறுக்கே விழுந்து கடியைத் தன் மேல் வாங்கிக்கொண்டது. புற்றின் வாசனை ஏறும் வரை குஞ்சுகளைத் தன் உடம்போடு அணைத்தே வைத்திருந்தது. மெல்ல மெல்ல காவல் எறும்புகள் அடங்கின. குஞ்சுகள் வளர்ந்தன.

அடுத்த விருந்துக்கு உருட்டன் மாமியாரையும் அழைத்து வந்தது. ஒரு பொடி வேவு எறும்பு உருட்டனின் வயிற்றைத் தடவிவிட்டு ஓடியது.

"கூச்சமா இருக்குடா," என்று நெளிந்தது உருட்டன்.

பொடியன் காலை நீட்ட, கறுவன் முகர்ந்தது. இந்த முறை தாடை விரிந்தது. ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு உருட்டன் ஓடியது. மாமியார் அதற்கு முன்பே ஓடிவிட்டது.

எவ்வளவு பலம் இருந்தாலும் பகையை அடையாளம் காட்ட ஆளில்லாவிட்டால் பயனில்லை. பிறவிக் குறைக்குப் பழி சொல்வதை விட்டு, இருப்பவரிடம் உதவி கேட்பதே புத்தி.