பெரியசாமி வேட்டி

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட மூன்று அறை, ஒரு கிணறு, துணி காயப்போட ஒரு கொடி, அவ்வளவுதான். அதை நடத்தி வந்தவள் ஒரு பெண். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. ஊரார் அவளை அக்காசாமி என்று கூப்பிட்டார்கள்.

அவளுடைய சீடர் ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. டவுனில் முப்பது வருஷம் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி வந்தார். கடைதான் அவரை விட்டதாகத் தெரியவில்லை. இடுப்புச் சுருக்குப்பையில் எந்நேரமும் வேரும் பட்டையும் இருக்கும். அக்காசாமி அவரை "வைத்தியரே" என்றுதான் கூப்பிடுவாள். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

மடத்தில் அவர் ஆசையாக ஏற்றுக்கொண்ட வேலை ஒன்று உண்டு. அக்காசாமியின் குருவான மறைந்த பெரியசாமி, முப்பது வருஷம் துவைத்துத் துவைத்துக் கட்டிய வெள்ளை வேட்டி ஒரு மரப்பெட்டியில் இருந்தது. ஆவுடையப்பன் அதற்குக் காவல். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெட்டியைத் திறந்து புதுக் கற்பூரம் வைப்பார். ஊரார் கும்பிட்டதும் மூடிவிடுவார். தொட நீளும் கைகளைத் தடுப்பதில் அவர் படு கெட்டி.

தன் உடுப்பிலும் குறை வைக்க மாட்டார். வேட்டிக்கும் மேல்துண்டுக்கும் கஞ்சி போட்டு மொடமொடவென்று நிறுத்துவார். சீடன் கசங்கிப்போய் நின்றால் மடத்துக்கு என்ன மரியாதை என்பது அவர் கட்சி.

மார்கழி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை. பக்கத்து ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒருத்தியைப் பார்க்க அக்காசாமி கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன் கேட்டார்.

"சாமி, பெரியசாமியோட அருள் எனக்கு எப்ப கிடைக்கும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு குழந்தை அழுதது.

கீழூர்ச் சுடலைவடிவு தன் ஆறு மாதப் பெண் குழந்தையோடு நின்றாள். குழந்தைக்குக் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. முழங்கால் மடிப்பில் தோல் வெடித்திருந்தது. வயிறெல்லாம் செதில். அது அழுவதும், கன்னத்தைத் தாயின் தோளில் தேய்ப்பதும், மறுபடி அழுவதுமாக இருந்தது.

"பனி விழ ஆரம்பிச்சதுல இருந்து இப்படித்தான் கெடக்கா. தூக்கமே இல்ல" என்றாள் வடிவு. "என் பால்லதான் குத்தம்னு அத்தை சொல்லுதாக. ஞாயித்துக்கிழமையோட பாலை நிறுத்திரணுமாம்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குத் தன் பாலே ஆகாது என்று தினமும் கேட்டுக்கொண்டு எவளால் இருக்க முடியும்?

"அழாதம்மா" என்றார் ஆவுடையப்பன். "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் கெடக்கு. அதுக்குள்ள நான் சரி பண்ணுதேன்."

அக்காசாமி குழந்தையின் காலை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"அதிகமா ஒண்ணும் போடாதீங்க வைத்தியரே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப்போனாள்.

அவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். ஆனால் கை அதற்குள் சுருக்குப்பையை அவிழ்த்துவிட்டது.

அன்று பயத்தமாவு, கஸ்தூரிமஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் சேர்த்து அரைத்து, குழந்தையின் உடம்பெங்கும் தேய்த்து, ஆவி பறக்கும் வெந்நீரில் குளிப்பாட்டச் சொன்னார். குழந்தை வீறிட்டது. புதன்கிழமை வடிவு மறுபடி வந்தபோது பதினோரு மூலிகை போட்டு எண்ணெய் காய்ச்சினார். தோல் இன்னும் சிவந்தது. வியாழக்கிழமை அதே எண்ணெயில் கற்பூரத்தையும் கரைத்துத் தடவி, சாம்பிராணிப் புகையும் காட்டினார். குழந்தை அவர் தலையைக் கண்டாலே அலற ஆரம்பித்தது.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நாலு பேரப்பிள்ளைகளைத் தோளில் போட்டு வளர்த்தவர். சமாதானப்படுத்த எண்ணித் தூக்கினார். அது அவர் தோளில் கன்னம் பட்டதும் வில்லாக வளைந்து கத்தியது.

அக்காசாமி அப்போதுதான் பக்கத்து ஊரிலிருந்து திரும்பி வாசலில் வந்து நின்றாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கித் தன் தோளில் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அழுகை விசும்பலாயிற்று. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

ஆவுடையப்பன் கையைக் கூப்பினார்.

"சாமி, என் கையில அலறுது. உங்க கையில அடங்குது. அது என்ன மந்திரம்? எனக்கும் உபதேசம் பண்ணுங்க."

"என் சீலை பழசு வைத்தியரே."

"வெளையாடாதீங்க சாமி."

"உங்க துண்டை உங்க கன்னத்துல தேச்சுப் பாருங்க."

தேய்த்துப் பார்த்தார். உமியில் முகம் பதித்த மாதிரி இருந்தது. நாலாவது தடவை கன்னம் எரிந்தது. துண்டை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார்.

"பிள்ளைக்கு என்ன போட்டிருக்க வடிவு?" என்றாள் அக்காசாமி.

"மடத்துக்குப் போகும்போது நல்லதாப் போடுன்னு அத்தை எடுத்துக் குடுத்தாக." ஜரிகை வைத்த நைலான் கவுன். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு கோடு ஓடியிருந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும் சாமி?" என்றார் ஆவுடையப்பன்.

"ஒண்ணும் செய்யாம இருக்கணும். முடியுமா?"

முடியாது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அக்காசாமிக்குப் பாவமாகப் போயிற்று.

"சரி, கையை நல்லாக் கழுவுங்க. நகத்தை வெட்டுங்க. தண்ணியை வெதுவெதுன்னு விளாவுங்க. மாவு வேண்டாம். ரெண்டு சொம்பு ஊத்தி, தேய்க்காம ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள தேங்காயெண்ணெய் தடவணும்."

"வெறும் தேங்காயெண்ணெயா?" முப்பது வருஷக் கடையைப் பார்த்து யாரோ சிரித்த மாதிரி இருந்தது அவருக்கு.

"வெறும் தேங்காயெண்ணெய்தான்."

குளிப்பாட்டி முடித்ததும் அக்காசாமி உள்ளே போய்த் தன் மாற்றுச் சீலையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். கீழே விரிக்க ஒன்று, போர்த்த ஒன்று. அதோடு தீர்ந்துவிட்டது.

"இது பத்தாது. இடுப்புல கட்டுறதுக்கு மட்டும் ஒரு நாளைக்குப் பத்துத் துணி வேணும். வீட்டுல பழைய வேட்டி இருக்கா வடிவு?"

"எல்லாம் பாலியெஸ்டர்தான் சாமி."

மடத்துக்கு வரும் காணிக்கைத் துணியெல்லாம் மடிப்புக் கலையாத புதுசு. அக்காசாமி சீடரைப் பார்த்தாள்.

"மடத்துலயே ரொம்ப நைஞ்ச துணி எதுன்னு உங்களுக்குத் தெரியும்."

ஆவுடையப்பன் பெட்டி இருந்த அறைப் பக்கம் திரும்பினார்.

"சாமி, அது பெரியசாமி உடுத்தினது."

"ஆமா."

"ஊரே கும்பிடுது."

"எதுக்குக் கும்பிடுது?"

"தொட்டாத் துன்பம் தீரும்னு ஒரு நம்பிக்கை."

"இதுவரைக்கும் யார் தொட்டிருக்கா?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஊர்க்காரங்க வந்து கேட்டா என்ன சொல்ல?"

"கேக்கும்போது பாத்துக்கலாம்."

குழந்தை மறுபடி சிணுங்கியது. ஆவுடையப்பன் உள்ளே போனார்.

பெட்டியைத் திறந்து வேட்டியை வெளியே எடுத்தார். இத்தனை வருஷமாகக் காவல் காத்தவர், அதைக் கையில் எடுத்தது அன்றுதான். கையில் கனமே தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

அவரே அதை வெந்நீரில் போட்டு, தான் ஏற்றிய கற்பூர வாசனை போகும்வரை அலசினார். அவரே வெயிலில் உலர்த்தினார். கிழிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணி என்னவோ கொஞ்சமும் முரண்டு பிடிக்கவில்லை.

ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பயந்து பயந்து குழந்தையை வாங்கினார். அது ஒருமுறை அவரை முறைத்துப் பார்த்தது. கன்னத்தை அந்தத் துணியில் வைத்து இப்படியும் அப்படியும் புரட்டியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

அக்காசாமி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கிழமை ஏதோ கேட்டீங்களே வைத்தியரே. நான் பதில் சொல்லலையே."

"சத்தம் போடாதீங்க சாமி" என்றார் அவர். "பிள்ளை முழிச்சுரும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தோல் பூரணமாக ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய். பனிக்காலம் முடியும்வரை அது எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கன்னத்துச் சிவப்பு வெளுத்திருந்தது. வெடிப்பு மூடியிருந்தது. குழந்தை மூன்று நாளாகத் தூங்கியிருந்தது, அதனால் தாயும் தூங்கியிருந்தாள்.

வழக்கம்போல ஊரார் கும்பிட வந்தார்கள். முன்னால் நின்றவள் வடிவின் மாமியார் கோமதியம்மாள். மருமகளிடம் ஒரு முடிவு சொல்லிவிட்டுப் போகும் வேகத்தோடுதான் வந்திருந்தாள். ஆவுடையப்பன் பெட்டியைத் திறந்ததும் அவள் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போன கை பாதியிலேயே நின்றது.

"ஐயையோ, பெட்டி காலியாக் கெடக்கே! பெரியசாமி வேட்டி எங்க?"

எல்லார் கண்ணும் ஆவுடையப்பன் பக்கம் திரும்பின. கஞ்சி போடாத வேட்டியில், கசங்கிய துண்டோடு நின்றிருந்த அவர் அக்காசாமியைப் பார்த்தார்.

அக்காசாமி கூடத்து மூலையைக் காட்டினாள். அங்கே வடிவு முந்தானையைப் போர்த்திக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்தானைக்கு வெளியே இரண்டு சின்னக் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"உங்க பேத்தி இடுப்புல கட்டியிருக்கு."

கோமதியம்மாள் பெட்டியைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், கும்பிட்ட கையோடு அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள்.

"இருங்க" என்றாள் அக்காசாமி. "பால் குடிச்சு முடிக்கட்டும். நனைஞ்சிருந்தா மாத்திவிடுங்க. அப்புறம் கும்பிடலாம்."