கோணல் காட்டின் கோடரி

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் மந்திரவாதிகளின் பேச்சைக் கேட்டு ஆண்ட காலத்தில், பெரிய வேங்கைக்காடு ஒன்று இருந்தது. பூவாத்தாளும் அவள் அண்ணன் செங்கோடனும் அங்கே மரம் வெட்டிப் பிழைத்தார்கள். கோணல் மரத்தைத்தான் வெட்டுவார்கள். நேராய் வளர்ந்ததைத் தொடமாட்டார்கள். அது விதைக்கு.

ராஜாவுக்கு ஆயிரங்கால் மாளிகை மேல் ஆசை வந்தது. அதற்கு மரம் சேர்க்க, அவருடைய மந்திரவாதி நெடுநகன் ஒரு கோடரியை ஏவிப் பறக்கவிட்டான்.

"நல்லதைக் கொண்டா! நல்லதைக் கொண்டா!" என்று அதற்குக் கட்டளையிட்டான்.

காட்டிலேயே சிறந்த மரம் சாய்ந்தது. பிறகு அதற்கடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. கூனலும் பொந்தும் மிஞ்சின. அவை போட்ட விதையும் கூனலாகவே முளைத்தது.

"விதைக்கு ஒண்ணையாவது விட்டுவையுங்க சாமி," என்று செங்கோடன் கெஞ்சினான்.

"விதைதானே? நீயே நின்னு போடேன்!" நெடுநகன் விரலைச் சொடுக்கினான். செங்கோடன் வேங்கை மரமாகிப் போனான்.

கோடைகள் பல போயின. கடைசியில், காட்டில் நேரான மரம் அவன் ஒருவன்தான். கோடரி அவனைத் தேடி வந்தது. பூவாத்தாள் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"தள்ளு புள்ளே," என்று சிரித்தான் வேடிக்கை பார்க்க வந்த நெடுநகன். "உங்கண்ணன் ராஜா வீட்டு உத்தரமாகப் போறான். பெருமைதானே?"

வெட்டு விழுந்தது. சிவப்பாய்ப் பால் வழிந்தது. மரத்தில் பதிந்த கோடரியின் பிடியைப் பூவாத்தாள் இரு கையாலும் பற்றினாள்.

"நில்லு!" நிற்கவில்லை. "திரும்பு!" திரும்பவில்லை. பொறுக்கி எடுப்பதைத் தவிர அதற்கு வேறென்ன தெரியும்?

"அப்படின்னா பொறுக்கு! இந்தக் காட்டிலேயே கெட்டது எதுவோ, அதை முதல்ல வெட்டு!"

கோடரி விர்ரென்று திரும்பி நெடுநகனைத் துரத்தியது. அவன் அலறி ஓடி, ஒளிந்துகொள்ள மரமாய் மாறினான். எப்பேர்ப்பட்ட மரம்! முறுக்கிய கோணல், உள்ளெல்லாம் பொந்து. ஒரே போடு!

மந்திரம் அறுந்தது. கெண்டைக்காலில் தழும்போடு செங்கோடன் எழுந்தான்.

"ஏண்டி இவ்வளவு நாளா? காதெல்லாம் கிளி எச்சம்!"

அந்தக் கோணல் மரம் விழுந்த இடைவெளியில் வெயில் இறங்கியது. அங்கே, செங்கோடன் மரமாய் நின்று உதிர்த்த விதைகளின் கன்றுகள் நேராய் நிமிர்ந்தன.

ராஜா ஆள் அனுப்பினான்: "கோடரி எங்கே?"

"அவரையே வந்து வாங்கிக்கச் சொல்லு," என்றாள் பூவாத்தாள். "இப்போ இது கெட்டதைத்தான் வெட்டும்."

ராஜா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.