உலக்கை விழாத ஊர்

ஒரு ஊர்ல ஒரு உலக்கை இருந்துச்சாம். ஆளுங்களும் இருந்தாங்க. ஆனா அங்க உலக்கை வச்சதுதான் சட்டம். ம் கொட்டு, கண்ணு.

"ம்."

மாசி மாசம், நட்ட நடு மத்தியானம், சூரிய கிரகணம். வெயில் சாம்பலாப் போச்சு. காக்கா கூட்டுக்குத் திரும்புச்சு. ஊரே நாட்டாமை வீட்டுக்குள்ள ஓடி, கதவைத் தாழ்ப்பா போட்டு, ஜன்னல் ஓட்டையெல்லாம் துணி அடைச்சுது. அப்புறம் நாட்டாமை தாம்பாளத்துல தண்ணி ஊத்தி, அதுல உலக்கைய நிறுத்தினாரு. நின்னுச்சு!

"கிரகணம் விட்டா தானா விழும். அதுவரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது, ஒரு வாய் சாப்பிடக் கூடாது."

உக்காந்திருந்தாங்க, உக்காந்திருந்தாங்க, உலக்கை விழலை. அதோட அடியில மாட்டின இரும்புப் பூண் தட்டை, கண்ணு. பொங்கலன்னைக்கு வச்சாலும் நிக்கும். நல்ல நாள்ல எவன் நிறுத்திப் பார்த்தான்?

"ம்."

அங்க காத்தாயின்னு ஒரு நிறைமாசக்காரி. அவளுக்கு வலி கண்டுருச்சு. புருஷன் முத்துக்கருப்பன் கையைப் பிடிச்சான்.

"போகாதடி, கிரகணம் பட்டா பிள்ளைக்கு உதடு பிளந்துரும். உலக்கை நிக்குது பாரு."

"நிக்கிறது உலக்கை, மாமா. நோவுறது எனக்கு."

கிரீச்... கதவைத் திறந்தா, சூரியன் முழுசா நிக்குது! உள்ள இருந்தவங்க முகத்தைப் பொத்திக்கிட்டு, "விஷ வெளிச்சம்!"னு கத்தி, படார்னு சாத்திட்டாங்க. காத்தாயி பக்கத்து ஊர்ல போய்ப் பெத்தா. பொண்ணு. உதடு முழுசு. தொண்டை அதுக்கும் மேல.

அப்புறம் ஆவணியில எரிநட்சத்திரம் சர்ரு சர்ருன்னு கொட்டுச்சு. காத்தாயி பிள்ளையோட வந்து, டொக் டொக். "மாமா, வானமே மத்தாப்பு விடுது, வந்து பாரு!"

உள்ள இருந்து ஊரே சொல்லுச்சு: "உலக்கை விழலையே."

அடுத்து ஐப்பசியில வால் நட்சத்திரம். டொக் டொக். "உலக்கைய ஒரு விரலால தட்டி விடு, மாமா!"

"விழலையே..." புகையாட்டம் வந்துச்சு குரல்.

அப்புறம் மறு வருஷம் ஆவணி. நம்ம ஆளுங்க அனுப்பின வண்டி நிலாவுல இறங்கிருச்சுன்னு ரேடியோ சொல்லுது. மூணாவது தடவை, டொக் டொக். "நிலாவுக்கே போயாச்சு, மாமா. உன்னால வாசலுக்கு வர முடியலையா?"

உள்ள இருந்து 'ம்' மட்டும். ஊர் மொத்தத்துக்கும் ஒரே 'ம்'.

...இப்ப 'ம்' சொன்னது நீயா?

"இல்லையே."

சரி. போர்த்திக்க.

காத்தாயி இடுப்புல இருந்த பொண்ணு சாவி ஓட்டையில வாயை வச்சு, "ப்பா"ன்னுச்சு.

டணார்!

முத்துக்கருப்பன்தான். ஒரே விரல். கதவு திறந்துச்சு, வத்தின முருங்கைக்காயா வெளிய வந்தான். பொண்ணு அவன் மூக்கைப் பிடிச்சுக்கிச்சு.

பின்னால இருட்டுல நாட்டாமை குரல்: "நிமிர்த்துங்கடா. இன்னும் கிரகணம் விடலை."

நிமிர்த்தினாங்க. கதவைச் சாத்தினாங்க. கடக்.

இன்னைக்கும் சாத்தித்தான் கிடக்கு.

நம்ம வீட்டு உலக்கைய நான் படுக்கப் போட்டாச்சு. கதையும் படுத்தாச்சு. நீயும் படு.