மிதிக்கட்டையில் வைத்த பொட்டு

“காகிதத்துல கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும்” என்பார் செண்பகராமனின் அப்பா. அதற்கு மேலும் ஏதோ சொல்வார், அது மறந்துபோயிற்று. நினைவிருந்தது போதுமென்று, கோவில்பட்டியில் அப்பா விட்டுப்போன அச்சகத்தை அவர் அதட்டி நடத்திவந்தார்.

ஆயுதபூசைக்கு மறுநாள், புதிதாகச் சேர்ந்த மாரிக்கனியின் மேசைக்கடியில் தற்செயலாகக் குனிந்து பார்த்தார். பிறவியிலிருந்தே கைகள் வழங்காத அவள், தரையிலிருந்த மௌசை வலது காலால் உருட்டி, இடது காலால் பொத்தானை மிதித்து, கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, சாமியைக் காலால தள்ளுறியா? கால் படாம செய். இல்லேன்னா நாளைக்கு வராதே.”

வேலையாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சரிங்க மொதலாளி,” என்றாள் மாரிக்கனி. “எப்படின்னு ஒரு தடவை காட்டிருங்க. அந்தா, வாசல்ல உங்கப்பா மிஷின் மாலையோட நிக்குதே, அதுல கால் படாம ஒரே ஒரு பத்திரிகை அடிங்க. பாத்துப் படிச்சுக்கிடுதேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

செண்பகராமன் திரும்பினார். அப்பா முப்பது வருஷம் மிதித்து ஓட்டிய அச்சு மிஷின் அது. மிதிக்கட்டையில் அவருடைய வெறுங்கால் தேய்த்த பள்ளம் இருந்தது. நேற்றுக் குளித்துவிட்டு வந்து, அந்தப் பள்ளத்துக்குள்தான் செண்பகராமன் குங்குமம் வைத்திருந்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று. மாரிக்கனியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நாளைக்கும் வந்துரும்மா” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு குங்குமச் சிமிழோடு மேசைக்கடியில் முழந்தாளிட்டு, நேற்று விட்டுப்போன மௌசுக்கு ஒரு பொட்டு வைத்தார்.