குரல் வராத அழைப்பு

மலையடிவாரத்து ஆசிரமத்தில் குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். புதிதாக வருகிறவர்கள் வெள்ளைத் தாடியைப் பார்த்துவிட்டு முதலில் சீடரைத்தான் கும்பிடுவார்கள். அவர் பதறிப்போய் விலகி நின்று, "அம்மா உள்ள இருக்காங்க" என்பார்.

சீடர் பெயர் ஆவுடையப்பன். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு இரண்டு வேட்டியோடு இங்கே வந்து சேர்ந்துவிட்டார். எதிர்முனையில் ஒருவன் ஹலோ சொல்கிற விதத்தை வைத்தே, அவன் கடன் கேட்கப் போகிறானா கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறானா என்று சொல்லிவிடுவார்.

அம்மா அதிகம் பேசமாட்டார். வியாழக்கிழமைகளில் பேசவே மாட்டார். மற்ற நாள்களைவிட அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். அம்மா முன்னால் உட்கார்ந்துவிட்டால், அவர் தலையசைத்து அனுப்பும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். கால் மரத்துப் போனாலும் போனதுதான்.

அந்த மௌனத்துக்கு உரை சொல்வதில் ஆவுடையப்பனை மிஞ்ச ஆளில்லை. அம்மாவின் புருவம் சற்று ஏறினால் மோர்ச் செம்போடு வந்து நிற்பார். அம்மா சும்மா இருமினால்கூட அதற்கு ஓர் அர்த்தம் வைத்திருப்பார். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

"ஒண்ணுமே பேசாம இருக்காங்களே, உங்களுக்கு மட்டும் எப்படிப் புரியுது?" என்று டவுனிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்.

"பேச்சு இல்லன்னா விஷயம் இல்லன்னு அர்த்தமா? உத்துப் பாக்கணும்லா" என்றார் ஆவுடையப்பன். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒரு பக்தர் ஆசிரமத்துக்கு ஆம்புலன்ஸ் வண்டி வாங்கிக் கொடுத்தார். மலையை ஒட்டிய தோப்புகளில் இருப்பவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ரொம்ப தூரம். வண்டிப் பொறுப்பை அம்மா ஆவுடையப்பனிடம் விட்டார். கௌசிகா என்ற கம்ப்யூட்டர் படித்த பெண் காசு வாங்காமல் ஒரு ஆப் செய்து தந்தாள். அதில் வண்டிப் படம் ஒன்று இருக்கும். படத்தை அமுக்கினால் ஆசிரமத்து போனுக்கு அழைப்பு வரும். எடுப்பவர், எந்த இடம், யாருக்கு என்ன என்று கேட்டு வண்டியை அனுப்புவார்.

எல்லாம் முடிகிற நேரத்தில் கௌசிகா ஒன்று கேட்டாள்.

"சார், காது கேக்காதவங்க, வாய் பேசாதவங்க இதை எப்படி யூஸ் பண்ணுவாங்க? அமுக்கினதுமே அவங்க இருக்கிற இடம் மேப்ல நமக்கு வந்துடற மாதிரி பண்ணிடலாம். பேச வேண்டிய அவசியமே இல்ல. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் மட்டும் வேணும்."

"தைப்பூசத்துக்குத் திறப்புன்னு நோட்டீஸ் அடிச்சாச்சேம்மா. பேசாதவங்களுக்குக் கூடமாட ஒரு ஆள் இருக்கத்தான செய்வாங்க? அவங்க பேசட்டும்."

"அந்த ஆளுக்கே ஏதாவதுன்னா, சார்?"

"அபசகுனமா பேசாத தாயி. பின்னால பாத்துக்கிடுவோம்."

பின்னால் என்று ஒரு நாள் காலண்டரில் கிடையாது. கௌசிகாவும் விட்டுவிட்டாள்.

திறப்பு விழா அன்று மாந்தோப்புக் காவல்காரன் சுடலைமணி மனைவியோடு வந்து வரிசையில் நின்றான். மனைவி முப்பிடாதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. இடுப்பில் கைக்குழந்தை. சுடலைமணி அவளிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் அவன் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். அவன் இன்னொரு போனையும் நீட்டினான்.

"இது அவ போனு. இதுலயும் ஏத்திருங்க, ஐயா."

"அந்தப் பிள்ளைக்கு எதுக்குடே? அதான் நீ இருக்கேல்லா."

"எனக்கு ஒண்ணுன்னா அவ எங்க போவா?"

ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டே அதிலும் ஏற்றிக் கொடுத்தார். சுடலைமணி மனைவியின் கட்டைவிரலைப் பிடித்து வண்டிப் படத்தின்மேல் வைத்தான். பிறகு கொட்டகையில் மாலை போட்டு நின்ற வண்டியைக் காட்டினான். அவள் புரிந்தது என்று தலையாட்டினாள்.

வண்டி ஓடத் தொடங்கியது. பாம்புக்கடி, பிரசவம், மரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று பலர் பிழைத்தார்கள். அந்தப் புண்ணியத்தை யாரும் மறுக்க முடியாது. கூடவே வேண்டாத அழைப்புகளும் வந்தன. பிள்ளைகள் வண்டிப் படத்தை அமுக்கி விளையாடின. குடித்தவர்கள் அமுக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். போன் எடுக்கிற தொண்டர்கள் சலித்துக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் ஒரு விதி வகுத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் போனை வைத்துவிட வேண்டும். ஒரே எண்ணிலிருந்து மூன்று முறை அப்படி வந்தால் அந்த எண்ணை பிளாக் செய்துவிட வேண்டும்.

அதை அவர் அம்மாவிடம் சொன்ன நாள் வியாழக்கிழமை. அம்மா அவரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் வெளியே வந்து, "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்று தொண்டர்களிடம் சொல்லிவிட்டார். அன்றே விதி அமலுக்கு வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு செய்தி வந்தது. சுடலைமணி நெஞ்சுவலியில் இறந்துபோனான். பொழுது சாய்கிற நேரத்தில் தோப்பு வீட்டு வாசலிலேயே விழுந்தானாம். பெண்டாட்டி ரோட்டில் கிடந்து தவித்துவிட்டு, கடைசியில் மழையோடு ஓடி அடுத்த தோப்பிலிருந்து ஆளைக் கூட்டி வந்தாளாம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அடப் பாவமே. நம்ம வண்டியைக் கூப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பானே. அவன் போன்ல நாந்தான ஏத்திக் குடுத்தேன்" என்றார் ஆவுடையப்பன். வருத்தம் உண்மையானதுதான். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முப்பிடாதி ஆசிரமத்துக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. குழந்தை இடுப்பில் இருந்தது. ஆபீஸ் அறையில் ஆவுடையப்பன் மட்டும்தான் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் எதிரில் நின்று கையை உயர்த்தினாள்.

தன்னைவிட உயரமான ஒரு ஆள் என்று காட்டினாள். நெஞ்சைப் பிடித்தாள். கை தரையை நோக்கிச் சரிந்தது. பிறகு கட்டைவிரலால் காற்றில் அமுக்கினாள். கண்ணுக்குமேல் கையை வைத்து ரோட்டைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். மறுபடி ரோட்டைப் பார்த்தாள்.



அவள் நிறுத்தவில்லை. போனை எடுத்து வண்டிப் படத்தைக் காட்டினாள். விரலை அதன்மேல் லேசாக வைத்து, இப்படியா என்பதுபோல் அவரைப் பார்த்தாள். நகம் வெளுக்க அழுத்தி, அல்லது இப்படியா என்று பார்த்தாள். குழந்தையைக் காட்டினாள். அதன் நெஞ்சைத் தொட்டாள். மறுபடி போனைக் காட்டினாள்.

அம்மாவின் மௌனத்தைப் படித்துப் பழகியவருக்கு இதைப் படிக்கக் கஷ்டமாக இல்லை. அவள் சண்டை போட வரவில்லை. எப்படி அமுக்கினால் வண்டி வரும் என்று கேட்க வந்திருக்கிறாள். அன்றைக்குத் தான் தப்பாக அமுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இனிமேல் அந்தத் தோப்பில் அவளும் குழந்தையும்தான். குழந்தைக்கு ஒன்று என்றால் சரியாக அமுக்கத் தெரிய வேண்டும்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அமுக்கினாள். மேஜைமேல் இருந்த ஆசிரமத்து போன் அடிக்கவில்லை. அவள் கட்டைவிரலைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். அடிக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. மழை. பஜனைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போனை எடுத்தது அவரேதான். ஆ, ஆ என்று இழுத்து இழுத்து ஒரு சத்தம் வந்தது. குடிகாரன் என்று நினைத்தார். "இது உசிரு காக்குற நம்பருப்பா, வெளாடாத" என்று அன்பாகத்தான் சொன்னார். வைத்தார். மறுபடியும் அதே சத்தம், அதற்கப்புறம் இன்னொரு முறை. தன் விரலாலேயே அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பஜனைக்குப் போய் உட்கார்ந்தார். அன்று நன்றாகப் பாடியதாகக்கூட ஞாபகம்.

 மேஜை போனை எடுத்து பிளாக்கை நீக்கினார். அவளைப் பார்த்து, அமுக்கு என்று சைகை காட்டினார்.

அவள் அமுக்கினாள். போன் வெளிச்சம் வந்து மேஜையில் அதிர்ந்தது. அவள் முகம் தெளிந்தது. அவர் பழக்கத்தில் அதை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ" என்றார்.

அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரி, இப்படித்தான் என்று தலையாட்ட அவரால் முடியவில்லை. நாளைக்கு இதை யார் எடுத்தாலும் ஹலோ என்றுதான் சொல்வார்கள். பதில் வராது. வைத்துவிடுவார்கள். அவர் போட்ட விதி அப்படி.

அவளைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுக்கச் சொன்னார். போன் எடுக்கும் அடுத்த முறைக்காரன் இசக்கிமுத்து எதிரே வந்து போனை வாங்கிக்கொண்டான். அவனிடம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. தன் மனசு ஆறுவதற்கு ஒரு வார்த்தை கிடைக்காதா என்று அம்மாவிடம் ஓடினார்.

அம்மா அறையில் தனியாக இருந்தார். ஆவுடையப்பன் எதிரில் உட்கார்ந்து எதையும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

"அவ பேசலியேம்மா. பேசாத போனுக்குப் பின்னால ஒரு உசிரு கெடந்து துடிக்குன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிடுவேன்?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மௌன நாள் இல்லை. அதனால் பதில் வரும் என்று ஆவுடையப்பன் காத்திருந்தார். வரவில்லை. அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். கோபமா? கண்ணில் கோபம் தெரியவில்லை. வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தார்.

"அவனுக்கு விதி அவ்வளவுதான்னு நெனைக்கீங்களோ?"

பதில் இல்லை.

"விதியை எல்லாருக்கும் பொதுவாத்தான் வச்சேன். எத்தனையோ பேரு பொழைச்சிருக்காங்க. அதுல ஒண்ணு ரெண்டு..."

 கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் பார்வை ஜன்னல் பக்கம் போனது. அவரும் அந்தப் பக்கம் பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே வண்டிக் கொட்டகை. முப்பிடாதி குழந்தையோடு வண்டிக்கு நேர் எதிரில் வந்து நின்றுகொண்டிருந்தாள். கஞ்சி குடித்தாளோ என்னவோ. போனை எடுத்தாள். அமுக்கினாள். அமுக்கிவிட்டு வண்டியைப் பார்த்தாள்.

ஆபீஸ் அறை கட்டடத்தின் மறுபக்கம். அங்கிருந்து கொட்டகை தெரியாது. அங்கே போன் அடித்தது.

"ஹலோ. எந்த ஊருலேருந்து பேசுதீங்க? ஹலோ?" இசக்கிமுத்துவின் குரல் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அவள் மறுபடி அமுக்கினாள். மறுபடி போன் அடித்தது.

"ஹலோ. யாருப்பா அது? சொல்லுங்க." வைத்துவிட்டான்.

ஆவுடையப்பன் கையைத் தரையில் ஊன்றினார். பாதி எழுந்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைக்கவில்லை. பேசவும் இல்லை. அம்மா ஏதோ சொல்ல வருகிறார், அதைக் கேட்காமல் போகக் கூடாது என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் உதட்டையே பார்த்தார்.

வெளியே முப்பிடாதி வாயைத் திறந்தாள். ஆ, ஆ என்று கொட்டகையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே அமுக்கினாள். அந்தக் குரலை ஆவுடையப்பன் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறார். குழந்தை பயந்து அழுதது. ஆபீஸில் போன் அடித்தது.

"காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டானுவ" என்றான் இசக்கிமுத்து.

அதன் பிறகு அவள் அமுக்கினாள். ஆபீஸில் சத்தம் இல்லை. கட்டைவிரலைச் சேலையில் துடைத்தாள். அழுத்தி அமுக்கினாள். சத்தம் இல்லை. வண்டியையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"ஆவுடையப்பன்."

"சொல்லுங்கம்மா."

"நீங்க வந்ததிலிருந்து நான் வாயே திறக்கல."

"ஆமாம்மா."

"நீங்க ஏன் எழுந்து போகல?"